தூய ஆவியின் யாழ் – புனித எபிரேம்

இறையியல் என்றதும் குருமடத்துத் தடித்த நூல்களும் இலத்தீன் சொற்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அது குருக்களுக்கே உரியது, நமக்கு எட்டாதது என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். ஆனால் திருச்சபையின் மறைவல்லுநர் ஒருவர் அந்த இறையியலைப் பாட்டாகப் பாடி, எழுத்தறியா மக்களுக்கும் ஊட்டினார். அவரே புனித எபிரேம்.

கி.பி. 306-ஆம் ஆண்டளவில் மெசப்பொத்தாமியாவின் நிசிபிஸ் நகரில் அவர் பிறந்தார். இன்று அது துருக்கியின் தென்கிழக்கு எல்லையில் உள்ளது. 325-இல் நிசேயாப் பொதுச்சங்கத்தில் கலந்துகொண்ட ஆயர் யாக்கோபின் நிழலில் வளர்ந்து, மறைக்கல்வி ஆசிரியரானார். குருப்பட்டம் பெறாமல், இறுதிவரை திருத்தொண்டராகவே வாழ்ந்தார்.

பாரசீக மன்னன் இரண்டாம் சாப்பூர் 338, 346, 350 ஆகிய ஆண்டுகளில் நிசிபிஸை மும்முறை முற்றுகையிட்டான். மூன்றாம் முறை ஆற்றை மறித்து, வெள்ளத்தை மதில்மீது ஏவினான். மதிலில் ஒரு பகுதி இடிந்தும் நகர் வீழவில்லை. வெள்ளத்தின் நடுவே நின்ற தம் நகரை நோவாவின் பேழையாகக் கண்டு பாடினார் எபிரேம். மீட்பு என்னும் மறையுண்மையை அவர் இடிந்த மதிலருகே நின்று கற்றார்.

363-இல் உரோமைப் பேரரசு அந்நகரைப் பாரசீகருக்கு விட்டுக்கொடுத்தது. கிறிஸ்தவர்கள் வீடு வாசல் துறந்து வெளியேறினர். ஐம்பது வயதைக் கடந்த எபிரேமும் அகதியாய் எடேசா நகர் சேர்ந்தார்.

அங்கே பல தப்பறைகள் பரவியிருந்தன. பர்தைசான் என்பவர் முன்னரே தம் கொள்கைகளை இனிய பாடல்களாக்கியிருந்தார். மக்கள் கருத்தை ஆராயாமல் மெட்டில் மயங்கினர். இதைக் கண்ட எபிரேம், கண்டித்துப் பேசியதோடு நில்லாமல், பாட்டுக்குப் பாட்டாலேயே விடையளித்தார். இறைவனுக்குத் தம்மை அர்ப்பணித்த கன்னியரைப் பாடற்குழுவாக அமைத்துப் பயிற்றுவித்தார். அவர் இயற்றியவற்றுள் 400-க்கும் மேற்பட்ட பாடல்கள் இன்றும் கிடைக்கின்றன.

அப்பாடல்களில் இறையியலின் கிளைகள் பலவற்றையும் காணலாம். மூவொரு இறைவனை விளக்கக் கதிரவனையும் அதன் ஒளியையும் வெப்பத்தையும் காட்டினார். ஆயினும் இறைவனை அளந்துவிடலாம் என்று எண்ணிய ஆரியரை எச்சரித்தார். உலகைத் தாங்குபவர் தாயின் மடியில் தவழும் விந்தையைக் கிறிஸ்து பிறப்புப் பாடல்களில் வியந்தார். கன்னி மரியாளின் மாசற்ற தூய்மையைப் போற்றினார். நற்கருணையில் தூய ஆவியின் நெருப்பைக் கண்டார். மறுமையை விளக்க, விண்ணக வீட்டை ஓர் உயர்ந்த மலையாகத் தீட்டினார். எளிய உவமைகளால் அரிய உண்மைகள் பாமரர் நெஞ்சிலும் பதிந்தன.

அவர் வாழ்வின் இறுதியில் எடேசாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. செல்வர்களிடம் தானியம் இருந்தது. பகிர்ந்தளிக்க நம்பிக்கையானவர் இல்லை என்று சாக்குச் சொன்னார்கள். முதியவரான எபிரேம் அப்பொறுப்பைத் தாமே ஏற்றார். கிடைத்த பொருளைக்கொண்டு நோயாளிகளுக்கு 300 படுக்கைகள் அமைத்து, பசித்தோருக்கு உணவளித்தார் எனப் பழைய வரலாறு கூறுகிறது. பஞ்சம் தணிந்ததும், 373-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவரை மறைவல்லுநராக அறிவித்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே, நாம் ஆலயத்தில் பாடுவதையே நம் பிள்ளைகள் நம்புவார்கள். மெட்டு இனிமையாயிருந்தால் போதாது. சொல்லில் மறையுண்மை இருக்கவேண்டும். பாடி முடித்த பின் பசித்தவன் வீட்டுக்கு நம் கால்கள் நடக்கவும் வேண்டும். இவ்வரத்தைப் பெற, புனித எபிரேம் நமக்காக மன்றாடுவாராக!