கழற்றிப் பூட்டிக் கற்ற மேதை ஜி.டி. நாயுடு

தமிழகத்தின் கோயம்புத்தூர் நகரில், அவிநாசி வீதியின் மேலாக 10.1 கிலோமீற்றர் நீளத்தில் அமைக்கப்பட்ட மேம்பாலம் 2025 ஒக்டோபர் 9ஆம் திகதி திறந்துவைக்கப்பட்டது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் ஜி.டி. நாயுடு. வாகனங்கள் விரைந்து செல்வதற்கென எழுப்பப்பட்ட ஒரு பாலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்க முடியாது என்றே நாம் கருதுகின்றோம். ஏனெனில் கோபால்சாமி துரைசாமி நாயுடு என்ற அந்த மனிதரின் வாழ்க்கையே ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியதில் இருந்துதான் ஆரம்பமாகின்றது.

கோயம்புத்தூருக்கு அண்மித்த சூலூர்ப் பகுதியிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23ஆம் திகதி, விவசாயக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய பிள்ளை என்றே அவரது இளமைக் காலம் சொல்லப்படுகின்றது. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றுபோயிற்று. எனினும் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே கிடைத்த தமிழ் நூல்களையெல்லாம் தாமாக வாசித்தார். பள்ளியை வெறுத்தவர் அறிவை வெறுக்கவில்லை என்பது இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது.

அக்காலத்தில் அந்தக் கிராமத்துக்கு ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்துபோவதுண்டு. ஒருநாள் வழியில் வண்டி நின்றுவிட, அதிகாரி அவ்விடத்திலேயே அமர்ந்து, மண்ணெண்ணெயும் பழந்துணியும் வாங்கிப் பாகங்களைத் துடைத்துச் சீர்செய்து மீண்டும் ஓட்டிச் சென்றார் என்றும், அதை அருகிருந்து பார்த்த நாயுடுவின் மனம் அந்த வண்டியின் பின்னாலேயே சென்றுவிட்டது என்றும் கூறப்படுகின்றது. மாடும் குதிரையும் இன்றி ஓடுகின்ற வண்டியை வியந்து பார்த்தவர்கள் அந்த ஊரில் பலர் இருந்திருப்பர். நின்றுபோன வண்டி மறுபடியும் ஓடியதன் காரணத்தை அறிய விரும்பியவர் அவர் ஒருவரே.

வாங்குவதற்குக் கையில் பணம் இல்லை. கோயம்புத்தூருக்குச் சென்று உணவகத்தில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தார். சில ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்து, அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் தயாரான ரட்ஜ் வண்டிகள் அந்நாளில் வேகத்துக்குப் பெயர்பெற்றவை. 1914இல் மான் தீவில் நடைபெற்ற புகழ்பெற்ற ஓட்டப்போட்டியில் வெற்றி பெற்றதும் ரட்ஜ் வண்டியே. இன்று பழைய பந்தயக் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் தேடிப்பிடித்துச் சீர்செய்வோர் கண்களில் ஒற்றிக்கொள்ளக்கூடிய வண்டி அது. இத்தனை பாடுபட்டு வாங்கியதை அவர் உடனே செய்தது என்ன? ஓட்டித் திரியவில்லை. ஒவ்வோர் ஆணியாகக் கழற்றிப் போட்டார்.

இதன் பாரதூரத்தைத் தொழில் அறிந்தவர்களே உணர்வர். அவரிடம் ஆங்கிலக் கைநூல் இல்லை. கேட்டறிய அருகில் ஆள் இல்லை. கழற்றிய ஒழுங்கை மறந்துவிட்டால் பல வருட உழைப்பு பழைய இரும்பாகிவிடும். வால்வு அதன் இருக்கையில் சரியாகப் பொருந்தாவிட்டால் அமுக்கம் கசிந்து இயந்திரம் வலுவிழக்கும். தீப்பொறி சற்று முந்தினால் இயந்திரம் இடிக்கும். பிந்தினால் சூடேறி இழுவை குறையும். காபரேற்றரில் காற்றுக்கும் பெற்றோலுக்கும் இடையிலான அளவு பிசகினால் கரும்புகை வரும், அல்லது வண்டி முக்கி முனகி நின்றுவிடும். இவை யாவற்றையும் காதாலும் விரல் நுனியாலும் மூக்காலும் மட்டுமே அறிய வேண்டியிருந்த காலம் அது. நாயுடு கழற்றினார், பூட்டினார், வண்டி ஓடியது. அவருக்குக் கிடைத்த முதலாவது பட்டமும் அதுவே எனலாம். அதன்பின் மோட்டார் பழுதுபார்க்கும் வேலையும் அவர் கைக்கு வந்தது.

இந்த வரலாற்றை எமது வாசகர்களுக்கு இன்று நினைவூட்ட ஒரு காரணம் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்கின்ற நற்பிட்டிமுனையிலும், கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான எமது கரையோர ஊர்களிலும், வீதியோரக் கராஜ்களில் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் இதே கல்வியைத்தான் கற்றுக்கொண்டிருக்கின்றனர். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது முதல், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு வழி திறக்கும் வரை, இந்நாட்டை ஓடவைத்தது யார்? இருபது, முப்பது வருடப் பழைய மோட்டார் சைக்கிளையும், பாட்டன் காலத்து மொரிஸ் மைனரையும், வயலில் நின்றுபோன உழவு இயந்திரத்தையும் கிடைத்த உதிரிப்பாகங்களைக் கொண்டு உயிர்ப்பித்த கைகளே அவை. ஆனால் பெண் கொடுக்கும்போது, அந்தக் கைகளில் படிந்த கிரீஸையே எமது சமூகம் முதலில் பார்க்கின்றது. சாதாரண தரப் பரீட்சையில் தவறிய பிள்ளையைக் கராஜுக்கு அனுப்புவதைத் தண்டனை போலவே பெற்றோர் பேசுகின்றனர். பத்து வருட அனுபவமுள்ள பாஸ் ஒருவர் வளைகுடா நாட்டுக்குச் செல்ல விண்ணப்பித்தால், காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் உதவியாளர் சம்பளத்துக்கே செல்ல நேரிடுகின்றது. தொழில் அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழில்சார் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நாட்டில் இருந்தும், அதை அறியாத கராஜ்கள் எமது பகுதியில் இன்னும் அநேகம்.

நாயுடுவிடமும் சான்றிதழ் இருக்கவில்லை. பருத்தி வியாபாரத்தில் இறங்கி ஈட்டிய பணத்தைப் பம்பாயில் இழந்து வெறுங்கையோடு திரும்பியவருக்கு, கோயம்புத்தூரின் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் கைகொடுத்தார். நம்பிக்கையின் பேரில் பஸ் வண்டி ஒன்று கிடைத்தது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ் வண்டியே யூனிவர்சல் மோட்டார் சேர்விஸ் என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்தது. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சென்றடையும் பஸ் என்பது அன்றைய பயணிகளுக்குப் புதுமை. எமது பிரதான வீதியில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்போருக்கு அது இன்றும் புதுமையாகத் தோன்றலாம் என்பது வேறு விடயம்.

பின்னாளில் அவர் கைவைக்காத துறை இல்லை. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதலாவது மின் மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். உலர் மின்கலத்தில் இயங்கும் அவரது சவரக் கருவி ரசாந்த் என்ற பெயரில் ஜேர்மனியில் தயாராகி விற்பனையாயிற்று. மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, பழரசம் பிழியும் கருவி, வாக்குப்பதிவு இயந்திரம், விவசாயத்தில் புதிய பருத்தி இனம் என்று பட்டியல் நீளும். 1936இல் தேர்தலிலும் நின்று பார்த்தார்; தோற்றார். இயந்திரங்கள் அவருக்குப் பணிந்த அளவுக்கு வாக்காளர்கள் பணியவில்லை.

அவரது வாழ்வில் எம்மை அதிகம் சிந்திக்க வைப்பது 1945ஆம் ஆண்டின் சம்பவமாகும். சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரி ஒன்று உருவாக நாயுடு வழிசெய்து, அதன் அதிபராகவும் அமர்ந்தார். ஆரம்ப வகுப்புகளைத் தாண்டாத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு அதிபர்! நான்கு ஆண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை விரயமாக்குகின்றது, பட்டறையில் கைபழகக் கற்பித்தால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவரது நிலைப்பாடு. அரசாங்கம் இணங்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார். அக்கல்லூரியே இன்று கோயம்புத்தூர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது. அவரது வாதத்தை நாம் முழுமையாக ஏற்கவில்லை. பாரத்தையும் இழுவிசையையும் கணக்கிடத் தெரியாமல் ஒரு மேம்பாலத்தைக் காதாலும் விரல் நுனியாலும் கட்ட முடியாது. ஆயினும் நான்கு வருடம் படித்து வெளியேறும் பட்டதாரி ஒருவர் தமது மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றத் தெரியாமல் கராஜ் பையனைத் தேடுகின்ற நிலையைக் காணும்போது, நாயுடுவின் கோபத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

1952இல் இருவர் அமரக்கூடிய சிறிய பெற்றோல் கார் ஒன்றை அவர் வெளியிட்டார். விலை 2,000 ரூபா. நடுத்தரக் குடும்பம் ஒன்று கனவு காணத் துணியும் விலை அது. உற்பத்திக்கான அனுமதிப்பத்திரம் வழங்க அரசாங்கம் மறுத்தது. கார் அத்தோடு நின்றது. வெள்ளைக்கார அதிகாரியின் வண்டியைத் தாமே பூட்டி ஓட்டிய மனிதருக்கு, சுதந்திர நாட்டில் தாமே ஆக்கிய வண்டியை விற்பதற்கு வழியில்லாமற் போனது. வரிச்சுமையாலும் அதிகாரிகளின் போக்காலும் மனம் கசந்து, தமது ஆக்கங்கள் சிலவற்றை மக்கள் முன்னிலையிலேயே அவர் உடைத்தெறிந்தார். ஆக்கியவருக்கு அழிக்கவும் உரிமை உண்டு என்று சிலர் வாதிடலாம். நாம் அப்படி எண்ணவில்லை. உடைந்ததைப் பூட்டுவதே அவரது தொழிலாக இருந்தது. அந்தக் கை சுத்தியலை ஓங்கியது துயரமான காட்சியே. எனினும் அந்த நிலைக்கு அவரைத் தள்ளியவர்களின் பெயரில் எந்தப் பாலமும் இல்லை.

1974 ஜனவரி 4ஆம் திகதி நாயுடு காலமானார். 1967இல் அவர் ஏற்படுத்திய தொழில்நுட்பக் கண்காட்சி அவிநாசி வீதியில் இன்றும் இயங்கி வருகின்றது. அதே வீதியில், அவரது குடும்பத்தினரின் அறக்கட்டளை நடத்தும் கார் அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. உலகின் பல நாடுகளில் வெவ்வேறு காலங்களில் தயாரான பழைய கார்கள் அங்கே பழுது நீக்கப்பட்டு, நிறம் பூசப்பட்டு, வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. பாடசாலைப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு வந்து அவற்றைச் சுற்றிப் பார்த்துச் செல்கின்றனர்.