ஈப்போ ரோட்டில் டாங்கிகளோடு வந்த ‘மலாயாப் புலி’: யார் இந்த யமாஷிதா?

செமோரிலிருந்து ஈப்போவுக்குப் பழைய ரோட்டில் போயிருக்கிறீர்களா? 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பானியப் படை சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஈப்போவை நோக்கி இறங்கியது இந்தப் பாதையில்தான். ஆண்டு முடிவதற்குள் ஈப்போ விழுந்துவிட்டது.

ஜப்பான்காரன் சைக்கிளில் வந்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஸ்கூல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் பேராக்கில் பிரிட்டிஷ் படையை உடைத்தது சைக்கிள் இல்லை, டாங்கி. அந்தப் படையின் தளபதி தோமோயுகி யமாஷிதா.

டாக்டர் வீட்டுப் பையன்

1885-ல் ஷிகோகு தீவின் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா டாக்டர். 1905-ல் ராணுவக் கல்லூரி முடித்தார். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவில் தூதரக அதிகாரியாக இருந்தார். 1936-ல் தோக்கியோவில் கலகம் செய்த இளம் அதிகாரிகள் மீது பரிவு காட்டியதால், பேரரசரின் கோபத்துக்கு ஆளாகி கொரியாவுக்கு அனுப்பப்பட்டார். மேலிடத்துக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஆள் என்றே சொல்லலாம்.

1940 டிசம்பரில் ஒரு ராணுவக் குழுவோடு ஜெர்மனிக்குப் போனார். திரும்பி வந்து அவர் கொடுத்த அறிக்கை மேலிடத்துக்கு ருசிக்கவில்லை: டாங்கிகளையும் விமானப் படையையும் நவீனமாக்கும் வரை பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் மோத வேண்டாம் என்பதே அதன் சாரம். சில மாதங்களிலேயே, 1941 நவம்பரில், மலாயாவைப் பிடிக்கும் 25-ஆவது படைக்கு அவரையே தளபதியாக்கினார்கள்.

எதிரில் என்ன இருந்தது?

ஜப்பானிய டாங்கிகள் உலகத் தரத்தில் சாதாரணமானவை. ஆனால் மலாயாவில் பிரிட்டிஷாரிடம் ஒரு டாங்கிகூட இல்லை. முன்வரிசையில் நின்ற இந்தியச் சிப்பாய்களில் பலர் அதுவரை டாங்கியை நேரில் பார்த்ததே கிடையாது. கெடாவின் ஜித்ரா அருகே கொட்டும் மழையில் டாங்கிகள் வந்தபோது, டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளை இயக்க வேண்டியவர்கள் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள்.

மலாயாவின் தலைமைப் பொறியாளர் சிம்ஸன் பிற்பாடு எழுதிய விவரம் இன்னும் மோசம். டாங்கிகளை எப்படித் தடுப்பது என்று லண்டனிலிருந்து வந்த கையேடுகள் தலைமையகத்தின் அலமாரியில் பிரிக்கப்படாமலே கிடந்தனவாம்.

கம்பாரில் மலையும் பீரங்கியும் கைகொடுத்தன. 1942 புத்தாண்டை ஒட்டி அங்கே ஜப்பானியர் நான்கு நாள் தடுமாறினார்கள். ஆனால் கடல் வழியாகப் பின்னால் இறங்கும் ஆபத்து வந்ததும் பிரிட்டிஷ் படை பின்வாங்கியது.

அடுத்தது சிலிம் ரிவர். ஜனவரி 7, விடியற்காலை சுமார் மூன்றரை மணி. மேஜர் ஷிமாடாவின் டாங்கிகள், ஏறத்தாழ இருபது, துரோலாக்கின் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ரோட்டிலேயே நேராக வந்தன. தடைக்கு இருந்தது கொஞ்சம் கண்ணிவெடி, சில சிமெண்ட் கட்டைகள். ரோட்டை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் தோட்டத்துக்குள் அப்படியே இருந்தன. டாங்கிகள் அவற்றில் புகுந்து தடையைச் சுற்றிக்கொண்டு போயின. பாலத்தைத் தகர்க்க வைத்திருந்த வெடியின் வயரை ஒரு ஜப்பானிய அதிகாரி வாளால் வெட்டினார். காலை ஒன்பதரை வாக்கில், பாலத்தைத் தாண்டிய இடத்தில், ஒரே ஒரு ஹோவிட்சர் பீரங்கி 30 கஜத்துக்கும் குறைவான தூரத்தில் சுட்டுத்தான் அந்த ஓட்டம் நின்றது. அதற்குள் சுமார் 30 கிலோமீட்டர் போய்விட்டது, இரண்டு பிரிகேட்கள் சிதைந்துவிட்டன. நான்கு நாளில் கோலாலம்பூர்.

அந்த ரோட்டோரச் சிப்பாய்க்குத் தேவைப்பட்டது, ஆள் தூக்கிப் போகக்கூடிய, தூரத்திலிருந்தே டாங்கியை நிறுத்தக்கூடிய ஓர் ஆயுதம். போர் முடியும் தறுவாயில் ஜெர்மனி அப்படி ஒன்றை முயன்றது: பின்னால் மெல்லிய கம்பியை அவிழ்த்தபடி பறக்கும், அந்தக் கம்பி வழியாகவே திசை திருப்பப்படும் எக்ஸ்-7 ஏவுகணை. அது களத்துக்கு உருப்படியாக வரவில்லை. பிரான்ஸ் அதே வழியில் எஸ்எஸ்-10 செய்தது, 1956-ல் இஸ்ரேல் அதை சினாயில் பயன்படுத்தியது. 1973-ல் அதே சினாயில் எகிப்தியச் சிப்பாய்கள் பெட்டியில் தூக்கி வந்த சோவியத் ‘மல்யூத்கா’, இஸ்ரேலிய டாங்கிகளை வரிசையாக வீழ்த்தியது. சிலிம் ரிவருக்கு 31 வருஷம் லேட்.

வெற்றிக்குப் பிறகு

பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்தது. யமாஷிதாவிடம் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன, ஆள்பலமும் எதிரியைவிடக் குறைவு. அதைக் காட்டிக்கொள்ளாமல் பெர்சிவலை மிரட்டியே கையெழுத்து வாங்கினார். ‘மலாயாப் புலி’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அடுத்த சில வாரங்களில் அவருடைய படை ஆயிரக்கணக்கான சீனர்களைப் பொறுக்கியெடுத்துக் கொன்றது. அதைப் பேசாமல் புலிக் கதை மட்டும் சொல்வது சரியில்லை.

1942 ஜூலையில் அவரை மஞ்சூரியாவுக்கு மாற்றிவிட்டார்கள். நம்ம தோட்டத்துத் தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கூட்டங்கூட்டமாக அனுப்பிய காலத்தில் அவர் இங்கே இல்லை.

1944-ல் பிலிப்பைன்ஸ். 1945 செப்டம்பரில் அங்கே அவர் சரணடைந்தபோது, பெர்சிவல் எதிரில் நின்று பார்த்தார். மணிலாவில் அவருடைய படைகள் செய்த கொலைகளுக்காக விசாரணை நடந்தது. அவரே உத்தரவிட்டாரா என்பதல்ல, தளபதியாகத் தடுக்கத் தவறினாரா என்பதே கேள்வியானது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 1946 பிப்ரவரி 23-ல் தூக்கிலிடப்பட்டார்.

அந்தக் குற்றப்பத்திரிகையில் மலாயா இல்லை. சிங்கப்பூர் கொலைகளுக்காக 1947-ல் தனி வழக்கு நடந்தது. அவருக்குக் கீழிருந்த இரண்டு அதிகாரிகளுக்கு அதில் தூக்கு.