வேகத்தின் வித்தகர் புரூஸ் மெக்லாரன்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் நம் நினைவுக்கு வருபவை வேகமும் ஆபத்தும்தான். மாணவியராகிய நாம் அதிலிருந்து கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் தாமே கார் அமைத்து, அதைத் தாமே ஓட்டி, வெற்றியும் கண்ட ஒருவரின் வாழ்வைப் பார்க்கும்போது, அங்கே வேகத்தைவிடப் பொறுமையும் உழைப்புமே மிகுந்திருக்கக் காண்கிறோம். அவர்தாம் நியூசிலாந்து நாட்டின் புரூஸ் மெக்லாரன்.

படுக்கையில் கழிந்த பள்ளிப் பருவம்

புரூஸ் 1937 ஆகஸ்டு 30 அன்று ஆக்லாந்து நகரில் பிறந்தார். தந்தை லெஸ் மெக்லாரன் அந்நகரில் பெட்ரோல் நிலையமும், கார் பழுது பார்க்கும் பட்டறையும் நடத்தி வந்தார். இயந்திர ஒலியிலேயே வளர்ந்த சிறுவனுக்கு ஒன்பதாம் வயதில் பெரும் சோதனை வந்தது. பெர்த்தீஸ் என்னும் நோய் அவனைப் பற்றிக்கொண்டது. தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு இரத்தம் சரிவரச் செல்லாமல், இடுப்பு மூட்டு நலிந்துபோகும் நோய் இது. டாகபூனா என்னும் இடத்திலிருந்த வில்சன் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகள் ஓடியாடிய வயதில், கால்கள் கட்டப்பட்ட நிலையில் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தான். மறுபடி நடப்பானா என்பதே ஐயமாக இருந்தது.

நடந்தான். ஆனால் இடது கால் வலது காலைவிடக் குட்டையாகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் அவர் சற்றே சாய்ந்துதான் நடந்தார்.

பட்டறையில் பயின்ற பாடம்

பிரித்துப் போட்ட நிலையில் கிடந்த ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைத் தந்தை வாங்கி வந்தார். சீர்செய்து விற்றுவிடுவது அவர் எண்ணம். மகனோ அதை விற்க விடவில்லை. இருவரும் சேர்ந்து அதற்கு உயிர் கொடுத்தார்கள். பள்ளிச் சிறுவனாக இருக்கும்போதே முரிவாய் கடற்கரைப் பகுதியில் நடந்த மலையேற்றப் பந்தயத்தில் அக்காரை ஓட்டினார் புரூஸ். பின்னர் ஆக்லாந்தில் பொறியியல் பயின்றார். ஏட்டுக் கல்வியும் கைத்தொழிலும் அவரிடம் ஒன்றாகவே வளர்ந்தன.

1958-இல், திறமை மிக்க இளம் ஓட்டுநரை ஐரோப்பாவுக்கு அனுப்பும் உதவித் திட்டத்தில் முதன்முதலாகத் தெரிவு செய்யப்பட்டவர் இவரே. இங்கிலாந்தின் கூப்பர் நிறுவனத்தில் ஆஸ்திரேலிய வீரர் ஜாக் பிராபம் இவருக்கு மூத்த சகோதரர்போல வழிகாட்டினார். அவ்வாண்டு ஜெர்மானிய கிராண்ட் பிரீ பந்தயத்தில், ஆற்றல் குறைந்த இரண்டாம் பிரிவுக் காரை ஓட்டி, பெரிய கார்களுக்கிடையே ஐந்தாவதாக வந்தார்.

மறு ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் செப்ரிங் களத்தில் ஒரு வியப்பு நிகழ்ந்தது. முன்னணியில் சென்ற பிராபமின் காரில் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பின்னால் வந்த புரூஸ் தம் வழிகாட்டியைக் கண்டு தயங்கி வேகத்தைக் குறைத்தார். போ, போ என்று அவர் கைகாட்டவே, முன்னேறிச் சென்று வென்றார். பிராபம் காரைக் கையால் தள்ளியே எல்லையைக் கடந்து நான்காவதாக வந்து, உலக வீரர் பட்டமும் பெற்றார். அன்று புரூஸுக்கு வயது 22. கிராண்ட் பிரீ பந்தயத்தில் வென்ற மிக இளையவர் என்ற அவருடைய சாதனை 2003 வரை நிலைத்திருந்தது.

ஓட்டுநர் அமைப்பாளர் ஆகிறார்

1963-இல் புரூஸ் தம் பெயரில் சொந்தக் குழுவைத் தொடங்கினார். அடுத்த பிப்ரவரியிலேயே, அவருடன் ஓட்டிய இளைஞர் டிம் மேயர் டாஸ்மேனியாவில் விபத்தில் மாண்டார். தோழரின் பிரிவைக் குறித்து புரூஸ் எழுதிய அஞ்சலி பிற்காலத்தில் அவருக்கே பொருந்துவதாயிற்று.

அவர் ஓர் ஆராய்ச்சியாளர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். ஒரு நாள் சோதனை ஓட்டத்தில், பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடி படபடவென்று அடித்துக்கொண்டது. வேகம் கூடக் கூட, எதிர்க்காற்று மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதே அன்றைய கருத்து. அதுவோ மேலும் துடித்தது. முதலில் எரிச்சலடைந்த புரூஸ், உடனே சிந்திக்கத் தொடங்கினார். வெளியே உள்ள அழுத்தத்தைவிட உள்ளே அழுத்தம் மிகுதி என்றுணர்ந்தார். காரை நிறுத்தி, தகடு வெட்டும் கத்திரியை எடுத்து, ரேடியேட்டருக்குப் பின்னால் மேற்கூட்டை வெட்டித் திறந்துவிட்டார். அடைபட்ட காற்று வெளியேறியதும் கார் முன்னிலும் விரைவாக ஓடியது. நாமாக இருந்தால் மூடியை இறுக்கிவிட்டுப் போயிருப்போம்!

1966-இல் முதல் தரப் பந்தயங்களுக்கு அவர் அமைத்த கார் மொனாக்கோவில் இறங்கியது. தொடக்கம் தோல்விதான். இயந்திரம் கனமானது, ஓசை மிகுந்தது. ஆனால் அதே ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், தம் நாட்டவரான கிறிஸ் ஆமனுடன் ஃபோர்டு காரை ஓட்டி வென்றார். 1968 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் அவர் கனவு பலித்தது. தம் பெயர் தாங்கிய காரைத் தாமே ஓட்டி வாகை சூடினார். வட அமெரிக்காவின் கான்-ஆம் தொடரிலோ, 1969-இல் நடந்த 11 பந்தயங்களிலும் மெக்லாரன் கார்களே வென்றன. அவற்றுள் ஆறில் புரூஸும், ஐந்தில் தோழர் டெனி ஹல்மும் வெற்றி பெற்றார்கள்.

முடிவும் தொடர்ச்சியும்

1970 ஜூன் 2. இங்கிலாந்தின் குட்வுட் களத்தில் புதிய கான்-ஆம் காரைச் சோதித்துக்கொண்டிருந்தார் புரூஸ். நேர்ப் பாதையில் விரைந்தபோது காரின் பின்புற மேற்கூடு கழன்று பறந்தது. கட்டுப்பாடிழந்த கார் மோதிச் சிதறியது. அவருடைய வயது 32. மனைவி பாட்ரீஷியாவும் சிறுமியான மகள் அமாண்டாவும் கலங்கி நின்றார்கள்.

மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று தொழிலாளருக்குச் சொல்லியும், அனைவரும் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். முந்தைய மாதம் தீப்புண்ணால் கைகள் வெந்திருந்த டெனி ஹல்ம், ஆறாத கைகளுடனேயே காரில் அமர்ந்தார். 12 நாள்களுக்குப் பின் கனடாவில் நடந்த முதல் பந்தயத்தில், குழுவுக்கு உதவ வந்த டான் கர்னி மெக்லாரன் காரை வெற்றிக்கு ஓட்டினார். அவ்வாண்டின் தொடரையும் ஹல்மே வென்றார். 1974-இல் குழுவினர் கார் அமைப்பாளருக்கான உலகப் பட்டத்தை முதன்முறை பெற்றார்கள். 2024-லும் அப்பட்டம் அவர்களுக்கே கிடைத்தது.

முதல் தரப் பந்தயங்களில் புரூஸ் தாமே வென்றவை நான்கே. ஆனால் தம்மோடு உழைத்தவர்களுக்குத் தாம் அறிந்ததையெல்லாம் கற்றுத் தந்தார். அவர்களுடைய அன்பையும் பெற்றார். ஆகவேதான் அவர் போன பின்பும் பணி நிற்கவில்லை.

நடக்க இயலுமா என்று ஐயுற்ற சிறுவன் உலகின் விரைவான கார்களை அமைத்தான் என்றால், நம் சிறு குறைகளை எண்ணி நாம் சோர்ந்துபோகலாமா? நாம் கற்றதை உடனிருப்போர்க்கும் கற்றுக் கொடுப்போம்; நமக்குப் பின்னும் நற்பணி தொடர வழி செய்வோமாக.