வேட்டைக்காரர் விட்டுச் சென்ற காடு

பத்தாங் காலியில் என் தாத்தா பால் மரம் வெட்டிய தோட்டம், பிறகு செம்பனைத் தோட்டமாகி, இன்று வீடமைப்புப் பகுதியாக நிற்கிறது. ரப்பருக்கு முன் அங்கே என்ன இருந்தது என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். பெருங்காடு என்றார். அந்தக் காட்டின் விலங்குகள் என்னவாயின என்று தேடியபோதுதான் தியோடர் ஹப்பேக்கைப் பற்றி அறிந்தேன்.

1872இல் இங்கிலாந்தில் பிறந்த ஹப்பேக், 1895இல் மலாயா வந்தார். கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பேக் இவரின் சகோதரர். தோட்டத் துரையான இவருக்கு வேட்டையில்தான் மோகம் அதிகம். யானை, செலாடாங் எனும் காட்டெருது ஆகியவற்றை வேட்டையாடுவது பற்றி 1905இல் ஒரு நூலே எழுதினார்.

காட்டிலேயே பல ஆண்டுகள் அலைந்தவருக்கு, விலங்குகள் குறைந்து வருவது மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தது. தோட்டங்களுக்காகக் காடு அழிந்தது. கொம்புக்காகக் காண்டாமிருகம் கொல்லப்பட்டது. விலங்குகளுக்காகப் பேசத் தொடங்கினார். யானைகள் பயிரை நாசமாக்குகின்றன என்று தோட்டக்காரர்கள் முறையிட்ட காலம் அது. தம் இனத்தாரின் எதிர்ப்பையே அவர் சந்திக்க வேண்டியிருந்தது.

1925இல் குனோங் தாஹான் பகுதி விலங்குக் காப்பகமானது. அது போதாது என்றார் ஹப்பேக். சுடாதே என்று தடுத்தால் மட்டும் விலங்கு பிழைக்காது. அது வாழும் காடும் நிலைக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. 1930இல் அமைந்த வனவிலங்கு ஆணையத்துக்குப் பொறுப்பேற்று, 1932இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை தந்தார். பகாங், கிளந்தான், திரெங்கானு சுல்தான்களின் ஆதரவோடு, 1938-39இல் மூன்று மாநிலங்களிலும் சட்டம் இயற்றப்பட்டது. 4,343 சதுர கிலோமீட்டர் காடு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்காவானது. சுதந்திரத்துக்குப் பின் அதன் பெயர் தமான் நெகாரா.

1942இல் ஹப்பேக் மறைந்தார். அவர் காக்கத் துடித்த சுமத்ரா காண்டாமிருகம் மட்டும் நமக்கு மிஞ்சவில்லை. நாட்டின் கடைசிக் காண்டாமிருகமான இமான், 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. ஆனால் புலியும் யானையும் தமான் நெகாராவில் இன்னும் நடமாடுகின்றன.

துப்பாக்கி தூக்கிய ஒருவரே மனம் மாறி இவ்வளவு செய்திருக்கிறார். தாத்தாவின் காடு திரும்பி வராது. ஆனால் பத்தாங் காலிக்குக் கிழக்கே மலைச்சரிவில் இன்னும் காடு மிச்சமிருக்கிறது. நண்பர்களே, அதைக் காக்க வேண்டியது நம் தலைமுறைதான்.