காதலி வீட்டு ஷெட்டில் ஒரு பழைய கார்... ஃபார்முலா 1 ரேஸையே மாற்றிய காலின் சாப்மேன் கதை!

யூடியூபில் 'இன்ஜின் ஸ்வாப்' என்று தேடிப் பாருங்கள். ஒரு சின்ன பட்ஜெட் கார், வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட், கொஞ்சம் டூல்ஸ், அந்த காருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய இன்ஜின். இப்படி வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கும். 'இதெல்லாம் இந்தக் காலத்துப் பசங்க பண்ற வேலை' என்று நினைத்தால், அது தப்பு.

சுமார் 75 வருஷத்துக்கு முன்னாடியே லண்டனில் ஒரு காலேஜ் மாணவர் இதைத்தான் செய்தார். அவர் பெயர் காலின் சாப்மேன். அந்த ஷெட்டில் பிறந்த கம்பெனிதான் லோட்டஸ். ஏழு முறை ஃபார்முலா 1 கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் வென்ற அணி அது. ஆனால் இது வெறும் வெற்றிக் கதை மட்டும் இல்லை. ஒரு காரில் இருந்து எதையெல்லாம் கழற்றலாம், எதைக் கழற்றவே கூடாது என்ற கேள்வி சாப்மேனைக் கடைசி வரை துரத்தியது.

விற்காமல் போன கடைசி கார்

சாப்மேன் பிறந்தது 1928 மே 19. லண்டனில் வளர்ந்தார். அப்பா ஸ்டான்லி அங்கே ஹோட்டல் நடத்திவந்தார். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிங் சேர்ந்தார் சாப்மேன். கூடவே பல்கலைக்கழக விமானப் படைப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். பாலம், கட்டடம், விமானம் எல்லாவற்றிலும் எடை குறைவாக, ஆனால் உறுதியாக ஒரு பொருளைக் கட்டுவது எப்படி என்பதுதானே கேள்வி? இந்த இரண்டு படிப்பும் பிற்பாடு அவர் செய்த ஒவ்வொரு காரிலும் தெரிந்தது.

படிக்கும்போதே சைடு பிசினஸாக செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி விற்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். புது கார் கிடைப்பதே கஷ்டம் என்பதால் பழைய காருக்கு நல்ல விலை. ஆனால் 1947 கடைசியில், சொந்த வாகனங்களுக்கான பெட்ரோல் ரேஷனை அரசு நிறுத்தியது. பெட்ரோல் இல்லாத காரை யார் வாங்குவார்கள்? விலை சரிந்தது. சேர்த்த லாபமெல்லாம் காலி. கையில் மிஞ்சியது விற்காமல் போன ஒரு பழைய ஆஸ்டின் செவன்.

ஆஸ்டின் செவன்: அப்படி என்ன கார் அது?

1922ல் பிரிட்டனில் வந்த ஆஸ்டின் செவன், நடுத்தரக் குடும்பங்களை கார் பக்கம் இழுத்துவந்த வண்டி. நான்கு சிலிண்டர், 747 சிசி இன்ஜின். ஆரம்பகால மாடல்களில் பவர் வெறும் 10 ஹார்ஸ் பவரை ஒட்டித்தான். இன்றைக்கு நாம் ஓட்டும் பல பைக்குகளில் இதைவிடப் பவர் அதிகம்! 1939 வரை சுமார் 2,90,000 கார்கள் தயாராயின. பி.எம்.டபிள்யூ விற்ற முதல் காரே, இதன் லைசென்ஸ் வாங்கி ஜெர்மனியில் தயாரான மாடல்தான்.

போருக்குப் பிறகு இந்த கார்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. ஸ்பேர் பார்ட்ஸுக்கும் பஞ்சமில்லை. சேசிஸ் ரொம்ப சிம்பிள்; மேலே இருக்கும் பாடியைக் கழற்றினால் 'A' எழுத்து மாதிரி ஒரு ஃபிரேம் மட்டும்தான் மிஞ்சும். அதனால், ரேஸ் ஆசை இருந்தும் காசு இல்லாத இளைஞர்களுக்கு ஆஸ்டின் செவன்தான் பாடப் புத்தகம்.

ஷெட்டில் நடந்தது என்ன?

லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில் சாப்மேனின் காதலி ஹேசல் வில்லியம்ஸின் வீடு. அந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில்தான் 1948ல் வேலை ஆரம்பித்தது.

பழைய பாடி முழுக்கக் கழற்றப்பட்டது. அந்த இடத்தில், அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டில் புது பாடி. இங்கேதான் இன்ஜினீயரிங் மூளை வேலை செய்தது. சாதாரண காரில் பாரத்தைத் தாங்குவது சேசிஸ். பாடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். சாப்மேன் பாடியையும் பாரம் தாங்க வைத்தார். விமானத்தின் வெளித்தோல் எப்படி வேலை செய்கிறதோ, அப்படி. ஆக, எடையை ஏற்றாமலே கார் விறைப்பாக நின்றது.

அந்த காருக்கு அவர் வைத்த பெயர் லோட்டஸ். ஏன் தாமரை? காரணத்தை அவர் கடைசி வரை வெளிப்படையாகச் சொல்லவே இல்லை. சேறும் மேடுமான பாதையில் ஏறும் 'டிரையல்ஸ்' போட்டிகளில் சாப்மேனும் ஹேசலும் அந்த காரோடு கலந்துகொண்டார்கள்.

இன்ஜின் ஸ்வாப்: கதை சூடு பிடிக்கும் இடம்

அடுத்த கார், லோட்டஸ் மார்க் 2. இதுவும் ஆஸ்டின் செவன் சேசிஸ்தான். ஆனால் இன்ஜின் ஃபோர்டுடையது. 1,172 சிசி, சுமார் 30 ஹார்ஸ் பவர். ஃபோர்டு குடும்ப கார்களில் வந்த சாதாரண இன்ஜின்தான் அது. ஆனால் ஆஸ்டினின் ஆரம்பகால இன்ஜினோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பவர்.

பெரிய இன்ஜினை மாட்டினால் கார் வேகமாகப் போய்விடும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 10 ஹார்ஸ் பவருக்காகச் செய்த ஃபிரேமில் 30 ஹார்ஸ் பவரை வைத்தால், ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும். பிரேக் போதாது. வளைவில் முன் சக்கரம் சொன்ன பேச்சு கேட்காது. சாப்மேன் இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை. முன் பக்கம் ஒரே கம்பியாக இருந்த ஃபோர்டு ஆக்ஸிலை நடுவில் இரண்டாக வெட்டி, இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்படி செய்தார். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் இன்னொன்று சாயாது.

1950ல் சில்வர்ஸ்டோனில் நடந்த ஒரு கிளப் ரேஸில், ஷெட்டில் செய்த இந்த கார் ஒரு புகாட்டியைத் தோற்கடித்தது. டிரையல்ஸ் சேற்றில் இருந்து அவரது ஆர்வம் ரேஸ் டிராக் பக்கம் திரும்பியதும் அப்போதுதான்.

ரூல் புக்கில் ஒரு ஓட்டை

1951ல் வந்த மார்க் 3, சாப்மேன் யார் என்று பிரிட்டிஷ் கிளப் ரேஸ் உலகத்துக்குக் காட்டிய கார். '750 ஃபார்முலா' என்ற அந்தப் போட்டிக்கு ஆஸ்டின் செவனின் சேசிஸும் இன்ஜினும் கட்டாயம். அதாவது ஸ்வாப் பண்ண முடியாது. எல்லோருக்கும் அதே 747 சிசிதான்.

அந்த இன்ஜினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. நான்கு சிலிண்டர், ஆனால் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போக இரண்டே வழிகள். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் ஒரே வாசலைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று இழுக்கும்போது இன்னொன்றின் பங்கு குறையும்.

சாப்மேன் ரூலை வரி வரியாகப் படித்தார். மெல்லிய தடுப்பு வைத்த ஒரு மேனிஃபோல்டைச் செய்து, அந்தத் தடுப்பு வாசலுக்குள்ளேயே நீளும்படி மாட்டினார். ஒரு வாசல் இரண்டானது. நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி வழி கிடைத்துவிட்டது! ரூலில் இதற்குத் தடை எதுவும் இல்லை. அந்த சீசனில் மற்ற கார்களால் மார்க் 3-ஐ நெருங்க முடியவில்லை. சீசன் முடிந்ததும் கிளப் ரூலை மாற்றி, இந்த வித்தையைத் தடை செய்தது.

இந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை. ரூலில் எழுதாமல் விட்டது எதுவோ, அங்கேதான் அவர் முதலில் தேடுவார்.

25 பவுண்டு கடனில் ஒரு கம்பெனி

1952 ஜனவரி 1. ஹேசல் கொடுத்த 25 பவுண்டு கடனோடு லோட்டஸ் இன்ஜினீயரிங் தொடங்கியது. இடம், அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். பகலில் ஒரு அலுமினியம் கம்பெனியில் வேலை, ராத்திரியில் கார் வேலை. 1954ல் சாப்மேனும் ஹேசலும் திருமணம் செய்துகொண்டார்கள்.

அவர்கள் விற்றது முழு கார் இல்லை, கிட். பிரிட்டனில் அப்போது முழுசாக வாங்கும் புது காருக்கு வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. லோட்டஸ் 6, பிறகு 1957ல் வந்த புகழ்பெற்ற லோட்டஸ் செவன் எல்லாம் இப்படித்தான் விற்றன. ஃபிரேமை லோட்டஸிடம் வாங்கி, தன்னிடம் இருக்கும் ஃபோர்டு இன்ஜினை அதில் மாட்டிக்கொள்ளலாம். தன் ஷெட் அனுபவத்தையே சாப்மேன் பெட்டியில் போட்டு விற்றார் என்று சொல்லலாம். லோட்டஸ் செவனின் உரிமையை 1973ல் கேட்டர்ஹாம் வாங்கியது. அதன் வாரிசுகள் இன்றும் தயாராகின்றன.

பிறகு ஃபோர்டு கம்பெனியே அவரைத் தேடி வந்தது. கோர்டினா என்ற சாதாரண குடும்ப காரில் லோட்டஸின் 1,558 சிசி ட்வின் கேம் இன்ஜின். கதவு, பானெட், டிக்கி எல்லாம் அலுமினியத்தில். 1963ல் 105 ஹார்ஸ் பவர் லோட்டஸ் கோர்டினா பிறந்தது. ஷெட்டில் ஆஸ்டினுக்கு அவர் செய்த அதே வேலை, இப்போது ஃபேக்டரி அளவில். 1964ல் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் பட்டத்தை இதில் வென்றவர் ஜிம் கிளார்க்.

ஃபார்முலா 1: ஷெட் பாடத்தின் அடுத்த கட்டம்

மார்க் 1ல் பாடியைப் பாரம் தாங்க வைத்தார் இல்லையா? 1962ல் வந்த லோட்டஸ் 25ல் அதையே முழுசாகச் செய்தார். தனி ஃபிரேமே கிடையாது, ஓடுதான் எலும்பு. 1963ல் அந்த காரில் கிளார்க் பத்து ரேஸில் ஏழை வென்று உலக சாம்பியன் ஆனார். 1967ல் லோட்டஸ் 49 வந்தது. அதில் இன்ஜினே காரின் பின்பாதியாக நின்று சஸ்பென்ஷனைத் தாங்கியது. 1970களின் கடைசியில், காருக்கு அடியில் ஓடும் காற்றை வைத்தே காரைத் தரையோடு அழுத்தும் 'கிரவுண்ட் எஃபெக்ட்'. 1978ல் மரியோ ஆண்ட்ரெட்டி அதில் சாம்பியன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது ஒரே எண்ணம்தான். ஒரு பாகம் ஒரே வேலையை மட்டும் செய்தால் அது வீண் எடை.

கழற்றக் கூடாததைக் கழற்றினால்?

இந்தக் கதையின் இருண்ட பக்கம் இது. லோட்டஸ் கார்கள் வேகமானவை. சீக்கிரம் உடைபவை என்ற பெயரும் கூடவே வந்தது. 1960ல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் சக்கரம் கழன்று, அவருடைய கால்கள் முறிந்தன. 1968 ஏப்ரலில் ஜிம் கிளார்க் ஹாக்கன்ஹைமில் இறந்தார். சாப்மேனுக்கு அவர் வெறும் டிரைவர் இல்லை, நெருங்கிய நண்பர். அந்த விபத்துக்கு டயர் பழுதடைந்ததுதான் காரணமாக இருக்கும் என்றே பலரும் நம்பினார்கள். ஆனாலும் அந்த இழப்பு சாப்மேனை உலுக்கிவிட்டது.

1969 ஸ்பெயின் ரேஸில் கிரஹாம் ஹில், யோஹன் ரிண்ட் இருவரின் கார்களிலும் பின்னால் இருந்த உயரமான விங் முறிந்தது. காயமடைந்த ரிண்ட், சாப்மேனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கார்கள் வேகத்துக்குக் குறைவில்லாதவை, கொஞ்சம் எடை கூடினாலும் பரவாயில்லை, பலவீனமான பாகங்களை உறுதியாக்குங்கள் என்பதுதான் அதன் சாரம்.

1970 செப்டம்பர் 5. இத்தாலியின் மோன்சாவில் பயிற்சியின்போது ரிண்ட்டின் லோட்டஸ் 72 திடீரென்று திரும்பி, தடுப்பு வேலியில் மோதியது. முன் பிரேக்கோடு இணைந்த ஷாஃப்ட் முறிந்திருந்தது. வேலியும் சரியாக அமைக்கப்படவில்லை. ரிண்ட் உயிரிழந்தார். அந்த ஆண்டின் புள்ளிகளை வேறு யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆன ஒரே வீரர் அவர்தான். இத்தாலியில் நடந்த வழக்கில் சாப்மேன் விடுவிக்கப்பட்டார். ஆனால் ரிண்ட் கடிதத்தில் கேட்டது சில கிலோ கூடுதல் எடைதான் என்பதை யாராலும் மறக்க முடியாது.

கடைசி ஓட்டை

1978ல் டெலோரியன் கம்பெனியின் புது காரை வடிவமைத்துத் தரும் வேலை லோட்டஸுக்கு வந்தது. வட அயர்லாந்தில் ஃபேக்டரி, பிரிட்டிஷ் அரசின் பெரும் நிதி உதவி. அந்த வேலைக்கான பணத்தில் 1.7 கோடி டாலருக்கும் மேல், பனாமாவில் பதிவான ஒரு கம்பெனி வழியாகப் போய் மாயமானது. டெலோரியன் கம்பெனி 1982ல் திவாலானது.

விசாரணை சாப்மேனைத் தொடும் முன்பே, 1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பில் அவர் இறந்தார். வயது 54தான். பத்து வருஷம் கழித்து, லோட்டஸின் நிதிப் பொறுப்பில் இருந்த ஃப்ரெட் புஷெல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். சாப்மேன் உயிரோடு இருந்திருந்தால் குறைந்தது பத்து வருஷத் தண்டனை கிடைத்திருக்கும் என்று நீதிபதி குறிப்பிட்டார்.

ரூல் புக்கில் ஓட்டை தேடிய அதே மூளை கணக்குப் புத்தகத்திலும் தேடியதா? கோர்ட்டில் அவர் தரப்பைச் சொல்ல அவர் இல்லை. ஆனால் சாப்மேனைப் பற்றி எழுதும் யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடிவதில்லை.

அந்த முதல் கார் இப்போது எங்கே?

மார்க் 1-ஐ 1950லேயே சாப்மேன் விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அது யார் யார் கைக்குப் போனது என்பதற்குத் தடயமே இல்லை. 2018ல் லோட்டஸின் 70வது ஆண்டு வந்தபோது, வீட்டு ஷெட், பழைய கொட்டகை, கேரேஜ் எதையும் விடாமல் தேடிப் பாருங்கள் என்று கம்பெனியே பொதுமக்களிடம் கேட்டுக்கொண்டது.

உலகம் முழுக்க அதைத் தேடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஒரு ஷெட்டில் பிறந்த கார், தார்ப்பாய் மூடி இன்னொரு ஷெட்டில் கிடக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.