லைம் ரீஜிஸ் நகர் மேரி ஆனிங் அம்மையார்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில், டார்ஸெட் ஜில்லாவும் டெவன் ஜில்லாவும் ஒன்றையொன்று தொடும் எல்லைக்கருகே, லைம் ரீஜிஸ் என்னும் சிறு துறைமுகப் பட்டினம் ஒன்று உளது. கடலுக்குள் வளைந்து செல்லும் காப் என்னும் பழைய கல்லணையும், கடலை நோக்கிச் சரியும் குறுகிய தெருக்களும் அதற்கு அழகு செய்வன. ஊரின் இருபுறத்தும் நிற்கும் பாறைச் சுவர்கள் நீலச் சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் மாறி மாறி அடுக்கப்பெற்றவை. ஏறக்குறைய இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்தவை. மாரிக்காலப் புயலில் இவை நனைந்து சரிந்து கடற்கரையில் வந்து விழும். விழுந்த மண்ணிலிருந்து கல்லாய்ச் சமைந்த சங்கங்களும் எலும்புகளும் வெளிப்படும். அவை என்னவென்று அறியாத ஊரார், சுருண்டவற்றைப் பாம்புக்கல் என்றும், நீண்டு கூரியவற்றைப் பிசாசின் விரல் என்றும் வழங்கினர். நம் நாட்டில் சாளக்கிராமம் எனப் போற்றப்படும் கல்லும் அப்பாம்புக்கல்லின் இனத்ததே.

இவ்வூரில் 1799-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி ஒரு தச்சன் குடியில் மேரி ஆனிங் பிறந்தார். தந்தை ரிச்சர்டு, மரப்பெட்டிகளும் அலமாரிகளும் செய்பவர். அவருக்குப் பிறந்த குழந்தைகளுள் வயது வந்து வாழ்ந்தவர் மேரியும் அவர் தமையன் ஜோஸப்புமே ஆவர். முன்னரே மேரி என்னும் பெயருடன் ஒரு பெண்குழந்தை இருந்து, உடையில் தீப்பற்றி மாண்டது. அதன் பெயரையே பின் பிறந்த இவருக்கு இட்டனர். பதினைந்து மாதக் குழவியாயிருக்கையில், ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய பெண்டிர் கூட்டத்தில் ஒருத்தியின் கையில் இவர் இருந்தார். அவர்கள் நின்ற மரத்தின்மேல் இடி விழுந்தது. பெண்டிர் மூவர் அவ்விடத்திலேயே மடிந்தனர். குழந்தை மட்டும் பிழைத்தது. அதுமுதலே இவர் கூரிய அறிவுடையவரானார் என்று ஊரார் பேசிக்கொண்டனர். ஊரார் பேச்சு எங்கும் அப்படித்தான்.

குடும்பத்தார் அரசாங்கத் திருச்சபையைச் சேராத சுயாதீன சபையினர். தென்திருவிதாங்கூருக்கு லண்டன் மிஷன் போதகர்களை அனுப்புவதில் முன்னின்றவர்களும் அச்சபையினரே. அக்காலத்தில் இத்தகையோர்க்குப் பல்கலைக்கழகங்களும் உத்தியோகங்களும் பெரும்பாலும் அடைபட்டிருந்தன. சபையின் ஞாயிற்றுப் பள்ளியிலேயே மேரி எழுதப் படிக்கக் கற்றார். வேறு கல்வி பெற வாய்ப்பில்லை.

பிரான்சு தேசத்தோடு நிகழ்ந்த யுத்தத்தால் ஐரோப்பிய யாத்திரை தடைப்பட்ட செல்வர்கள், கடல்நீராட இத்தகைய பட்டினங்களுக்கு வரலாயினர். அவர்களுக்கு விற்கும்பொருட்டு ரிச்சர்டு தம் மக்களை அழைத்துச்சென்று பாறையடியிற் கற்களைப் பொறுக்கிக் கடைவாயிலில் பரப்பிவைப்பார். பாறையினின்று ஒருமுறை விழுந்து அடிபட்டிருந்த அவர், காசநோயும் உற்று 1810-இல் இறந்தார். அவர் விட்டுச்சென்றது 120 பவுன் கடன். குடும்பம் சர்ச்சுவட்டத்தாரின் தர்மப்பணத்தைப் பெற்றுப் பிழைக்கவேண்டியதாயிற்று. அப்பொழுது மேரிக்கு வயது பதினொன்று.

அடுத்த ஆண்டில் ஜோஸப், நான்கடி நீளமுள்ள விசித்திரமான ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். அவர் மெத்தைத் தொழில் பயிலச் சென்றுவிட, எஞ்சிய உடலைத் தேடும் வேலை மேரியினதாயிற்று. 1812-இல், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், அவர் அதைக் கண்டார். வேலையாட்களின் உதவியால் அது வெளியே எடுக்கப்பட்டது. அவ்வூர்ப் பண்ணைப்பிரபுவாகிய ஹென்லி 23 பவுனுக்கு அதை வாங்கினார். பின்னர் லண்டன் மாநகரில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. முதலை என்று சிலரும் மீன் என்று சிலரும் வாதித்தனர். இறுதியில் இக்தியோசாரஸ், அதாவது மீன்பல்லி, என்னும் பெயர் நிலைத்தது. 1814 முதல் ஸர் எவரார்டு ஹோம் அதைக்குறித்துப் பல கட்டுரைகள் வரைந்தார். கண்டெடுத்த சிறுமியின் பெயர் அவற்றுள் இல்லை.

இவ்வாறு தொடங்கிய தொழில் எத்தகையதென அறியவேண்டும். புதுச்சரிவு வெயிலில் உலர்ந்து சிதையுமுன்னும் கடல் அதை அடித்துச்செல்லுமுன்னும் எலும்புகளைப் பிரிக்கவேண்டும். ஆகவே மாரிக்காலமே இதற்குரிய பருவம். லைமிலிருந்து சார்மத்துக்குச் செல்லும் கரைவழியில் கடல்நீர் வற்றியிருக்கும் சில நாழிகைகளே நடக்கலாம். காலந் தாழ்த்தியவருக்கு ஒருபுறம் அலை, மறுபுறம் ஏறவொண்ணாத பாறை. மேரி கூடையும் சம்மட்டியும் ஏந்தி, ட்ரே என்னும் நாயைத் துணைக்கொண்டு நாள்தோறும் இவ்வழியே சென்றார். 1833-இல் அவர் கண்முன்னே பாறை சரிந்து அந்நாய் மாண்டது. நூலிழையில் தாம் தப்பினார்.

1820-இல் குடும்பம் வாடகைக்காகத் தட்டுமுட்டுகளை விற்கும் நிலையிலிருந்ததைக் கண்ட பர்ச் என்னும் படைத்தலைவர், தாம் சேர்த்துவைத்திருந்த கற்களனைத்தையும் லண்டனில் ஏலமிட்டு, கிடைத்த 400 பவுனையும் அவர்களுக்கே அளித்தார். இவரைப்போன்றோர் சிலராவது இருந்தனரென்பது மனத்துக்கு ஆறுதல்.

1823 டிசம்பரில் மேரி கண்டது, நீண்ட கழுத்தும் நான்கு துடுப்புகளுமுடைய பிளீசியோசாரஸ் என்னும் பிராணியின் முழு எலும்புக்கூடு. அதன் சித்திரத்தைக் கண்ட பிரெஞ்சுப் பண்டிதர் குவியே, இத்துணை நீண்ட கழுத்து இயற்கையில் இல்லை, வேறு பிராணியின் எலும்புகள் சேர்த்து ஒட்டப்பட்டிருக்கலாம் என்று ஐயுற்றார். அவர் வாக்கு அக்காலத்தில் தீர்ப்புக்கு ஒப்பானது. அவ்வையம் நிலைத்திருந்தால், அந்த ஏழைப் பெண்ணின் நேர்மையும் பிழைப்பும் ஒருங்கே அழிந்திருக்கும். 1824 பிப்ரவரியில் லண்டன் பூகர்ப்ப சாஸ்திர சங்கத்தில் விவாதம் நடந்தது. எலும்புக்கூடு மெய்யானதென முடிவாயிற்று. குவியேயும் தம் பிழையை ஒப்புக்கொண்டார். அச்சபையில் அதை விளக்கியவர் கோனிபேர் என்னும் குருவானவர். அவர் மேரியின் பெயரைச் சொல்லவில்லை. சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை; 1919-இலேதான் அவர்கள் உறுப்பினராயினர். கல்லை விலைக்கு வாங்கியவருடைய பெயரைக் குறிப்பதே அக்கால வழக்கமென்று சிலர் சமாதானம் கூறுவர். பெயரைச் சொல்லியிருந்தால் அந்தக் குருவானவருக்குக் குறைந்துவிடக் கூடியது யாதென நமக்கு விளங்கவில்லை.

மேரி பண்டிதர்க்குக் கல்லெடுத்துக் கொடுத்தவர் மட்டுமல்லர். வாங்க இயலாத சாஸ்திரக் கட்டுரைகளைச் சித்திரங்களோடு தம் கையாலேயே பெயர்த்தெழுதினார். மீன்களையும் கணவாய்களையும் அறுத்து ஆராய்ந்து, பழைய எலும்புகளோடு ஒப்பிட்டார். பிசாசின் விரலோடு தொடர்புடைய உடலில் மைப்பை இருந்ததை அறிந்தார். மீன்பல்லியின் வயிற்றுப் பகுதியில் காணப்பட்ட உருண்டைக் கற்களுள் மீன் செதிள்களும் எலும்புகளும் இருப்பதைக் கவனித்தார். அவை அப்பிராணியின் மலமே என்று 1829-இல் நிலைநாட்டிய ஆக்ஸ்போர்டு பக்லண்டு, மேரிக்குரிய பங்கை மறைத்தாரில்லை. பக்லண்டும் குருவானவரே. மனிதன் தோன்றுமுன்னரே எண்ணிறந்த உயிர்கள் தோன்றி மறைந்தன என்பதை வேதபுத்தகத்தோடு எவ்வாறு பொருத்துவதென்று அக்காலத்துப் பக்தர் பலர் கலங்கினர். மேரியோ எலும்பையும் மறைக்கவில்லை, ஜெபத்தையும் விடவில்லை.

1828-இல் பறக்கும் பல்லியாகிய டெரொடாக்டில் இனத்தொன்றைக் கண்டார். ஜெர்மனிக்கு வெளியே முதன்முதற் கிடைத்தது அதுவே. 1844-இல் ஸாக்ஸனி தேசத்து அரசரும் அவர் கடைக்கு வந்து எலும்புக்கூடு ஒன்றை வாங்கினார். எனினும் வறுமை முற்றும் நீங்கவில்லை. இளமைத் தோழராகிய டி லா பீச், பண்டைக் கடல்விலங்குகளைச் சித்திரமாக 1830-இல் வரைந்து, அதன் பிரதிகளை விற்ற பணத்தை அவருக்கு உதவினார். சேமித்த பொருளில் பெரும்பகுதியை அவர் இழந்தபொழுது, பக்லண்டின் முயற்சியால் ஆண்டுக்கு 25 பவுன் உபகாரச் சம்பளம் கிடைத்தது. தம் உழைப்பைக் கற்றோர் உறிஞ்சிக்கொண்டனர் என்னும் மனக்கசப்பு மட்டும் அவரை விட்டகலவில்லை. வாழ்நாளில் அவர் எழுத்தாக அச்சேறியது, 1839-இல் ஒரு பத்திரிகையின் தவற்றைச் சுட்டி வரைந்த கடிதப் பகுதி ஒன்றே.

அவ்வாண்டு டிசம்பரில் லைமுக்கு மேற்கே பெருநிலச்சரிவொன்று நிகழ்ந்து வயல்கள் பிளந்தன. அதை ஆராய்ந்தெழுதியவர்கள் கோனிபேரும் பக்லண்டுமே. அச்சரிவில் பின்னர் எழுந்த அடர்ந்த காட்டினூடே, மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைவரை 630 மைல் செல்லும் தென்மேற்குக் கரைப்பாதை இன்று செல்கின்றது.

மார்புப் புற்றுநோயால் மேரி அம்மையார் வருந்தினார். நோவைத் தணிக்க அபினி கலந்த மருந்தை உட்கொண்டதைக் குடிப்பழக்கமென்று சிலர் பழித்தனர். 1847 மார்ச் 9-ஆம் தேதி, 47-ஆம் வயதில், உயிர் நீத்தார். அடுத்த ஆண்டில், முன்னர் அவர் பெயர் சொல்லப்படாத அதே சங்கத்தில், தலைவராயிருந்த டி லா பீச் அவரைப் புகழ்ந்து பேசினார். 1850-இல் சங்க உறுப்பினர் பொருளுதவியால் லைம் கோயிலில் அவர் நினைவாக வண்ணக்கண்ணாடிச் சாளரம் அமைந்தது. பசித்தோர்க்கு உணவளித்தல் முதலிய தர்மச் செயல்கள் அதில் தீட்டப்பட்டுள்ளன. அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்று பொருட்காட்சிசாலை நிற்கின்றது. ஒரு சிறுமி தொடங்கிய முயற்சியால், 2022 மே 21-ஆம் தேதி, அவர் பிறந்த நாளில், வெண்கலச் சிலையொன்றும் அவ்வூரில் திறக்கப்பட்டது. கையில் சம்மட்டியோடு அம்மையார் நடந்துசெல்கிறார். ட்ரே உடன் செல்கின்றது.