பண்டிதை இரமாபாய் பெற்ற வீட்டுக் கல்வி

விரைந்து கற்கும் ஆற்றலுடைய குழந்தை ஒரு வீட்டிற் பிறப்பின், அது பெற்றோர்க்கு மகிழ்ச்சியையும் கவலையையும் ஒருங்கே விளைப்பதாகும். ஒரு முறை கேட்டதை மறவாது ஒப்பிக்கும் குழந்தையை ஏகசந்தக்கிராகி என்று உற்றார் வியப்பர். ஆயின் அக்குழந்தைக்கு எதைக் கற்பிப்பது, எதை முன்வைப்பது, எதை விடுப்பது என்ற வினா எழுங்கால், வியந்தவர் பலரும் விலகிக்கொள்வர். பெற்றோர் மட்டுமே எஞ்சி நிற்பர்.

யாம் பிறந்து வளர்ந்த நாகரசம்பட்டியிலும் இவ்வினா கேளாததன்று. கிருட்டிணகிரி மாவட்டத்து ஊராகிய இதனைச் சூழ்ந்த நாட்டில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. ஓசூர்த் தொழிற்சாலைகளில் உழைத்துப் பொருளீட்டும் பெற்றோர், தம் மக்கட்கு எம்மொழியை முதலிற் பயிற்றுவது, கணக்கை முன்வைப்பதா, கணிப்பொறியை முன்வைப்பதா என்று எண்ணித் தடுமாறுகின்றனர். பள்ளிப் பாடம் போதாதென்று வீட்டிலும் பாடம் வகுப்போர் உளர். பள்ளிக்கு விடுக்காது வீட்டிலேயே கற்பிக்கக் கருதுவோரும் நம் நாட்டில் உளர். அவர் அனைவரும் நின்று நோக்கத்தக்க வாழ்க்கை ஒன்று, நம் எல்லைக்கு அப்பால் கன்னட நாட்டு மலைக்காட்டில் தொடங்கிற்று. அது பண்டிதை இரமாபாய் அம்மையாரின் வாழ்க்கையாகும்.

இரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள கங்காமூலம் என்னும் காட்டிடத்திற் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே, மராத்தி பேசும் அந்தணர், வடமொழிப் பெரும்புலவர். அவர் இளமையில் புனாவில் இராமச்சந்திர சாஸ்திரியாரிடம் பயின்றார். அவ்வாசிரியர் பேஷ்வாவின் அரண்மனையில் அரசிக்கு வடமொழி கற்பித்து வந்தார். அவ்வரசியார் வடமொழிச் செய்யுட்களைத் தெளிவுற ஓதக் கேட்ட அனந்த சாஸ்திரியார், பெண்ணும் கற்றல் கூடும் என்பதனை அன்றே உணர்ந்தார். தம் மனைவிக்குக் கற்பிக்க முயன்றார், அது கைகூடவில்லை. அம்மனைவி இறந்தபின், தம் நாற்பத்து நான்காம் வயதில், ஒன்பதே வயதினளாகிய இலட்சுமிபாயை மணந்தார். இன்று சட்டமும் அறமும் ஏற்காத அம்மணம் அக்காலத்து வழக்காயிருந்தது. அச்சிறுமிக்கு அவர் வடமொழி நூல்களை முறையாகக் கற்பித்தார். அது குற்றமென்று கொண்டு, உடுப்பியிற் கூடிய பண்டிதர் அவை அவரை வினாவிற்று. அவரோ அவர்தம் நூல்களினின்றே சான்று காட்டித் தம் செயலை நிலைநாட்டினார். இவ்வாறு ஊரார் எதிர்ப்பினிடையே பெற்ற கல்வியைத்தான் இலட்சுமிபாய் பின்னர்த் தம் மகட்கு வழங்கினார்.

கங்காமூலத்து இல்லம் மாணவர்க்கும் வழிப்போக்கர்க்கும் சோறிட்டுக் கடன்பட்டது. இரமாபாய் கைக்குழந்தையாயிருந்தபோதே குடும்பத்தார் அவ்விடம் விட்டு யாத்திரை மேற்கொண்டனர். குழந்தையைப் பிரம்புப் பெட்டியில் வைத்து ஓர் ஆள் தலைமேற் சுமந்து மலையிறங்கினான். அதன்பின் அவர்கட்கு நிலையான வீடு என்பதில்லை. கோயில்தோறும் தீர்த்தக்கரைதோறும் அமர்ந்து புராணம் படித்து, கேட்போர் உவந்தளித்ததைக் கொண்டு வாழ்ந்தனர். வீட்டுக் கல்வி என்று யாம் கூறினும், அது வீடின்றி நடைபெற்ற வீட்டுக் கல்வியே.

தந்தையார் மூத்த மகட்கும் மகனுக்கும் கற்பித்து முதுமை எய்திவிட்டமையின், இரமாபாயின் கல்வி எட்டாம் வயதில் தாயின் கைக்கு வந்தது. பகலெல்லாம் இல்லறப் பணி சூழ்ந்திருந்ததால், இலட்சுமிபாய் விடியுமுன் மகளைப் பரிவுடன் எழுப்பிப் பாடஞ்சொல்வார். வாயாற் சொல்லி வாயால் வாங்குவதே முறை. பாகவதமும் பகவத் கீதையும், வடமொழி இலக்கணமும் நிகண்டும் பாடங்களாயின. பன்னிரண்டு வயதளவில் இரமாபாய் பதினெண்ணாயிரம் சுலோகங்களை மனப்பாடமாக அறிந்திருந்தார். பெற்றோர் தூய மராத்தி பேசியதால் அம்மொழி இயல்பாகவே அமைந்தது. ஊர் ஊராகச் சென்றதனாற் கன்னடமும் இந்துஸ்தானியும் பிற்காலத்தில் வங்காளமும் வாய்த்தன.

எண்ணிக்கையைக் கேட்டு வியந்து நிற்பது எளிது. யாம் அதனினும் உயர்வாகக் கருதுவது பிறிதொன்று. எட்டு முதல் பதினைந்து வயது வரை கற்பித்த அத்தாய், பின்னர்ப் பிறர் துணை பெரிதும் இன்றியே தானாகக் கற்றுக்கொள்ளும் பழக்கத்தை மகளிடம் அமைத்துவிட்டார். பாடத்தின் அளவு மறக்கப்படலாம். பாடங்கேட்கும் மனப்பழக்கம் மறக்கப்படுவதன்று.

நிற்க, அப்பெற்றோர் விடுத்தவை எவை என்பதையும் நோக்குதல் வேண்டும். உலகியற் கல்வி ஆன்மாவிற்குக் கேடு என்று அவர்கள் அஞ்சினர். ஆகலின் ஆங்கிலமும் புதிய சாத்திரங்களும் பாடத்திற் சேரவில்லை. பெண்கட்கு உரியதன்று என்ற கொள்கையால் வேதம் சேரவில்லை. கைத்தொழில் ஒன்றும் எம்மகவுக்கும் கற்பிக்கப்படவில்லை. குலப் பெருமையும் கல்விப் பெருமையும் அதனைத் தடுத்தன. புராணம் படிப்பது ஒன்றே பிள்ளைகள் அறிந்த பிழைப்பு. கேட்போர் வயிறு நிறைந்திருக்கும் வரையில் அப்பிழைப்புக்குக் குறைவில்லை.

கேட்போர் வயிறும் காய்ந்த காலம் வந்தது. 1870களிற் சென்னை மாகாணத்திற் பஞ்சம் புகுந்தது. 1876 முதல் 1878 வரை அது உச்சநிலை எய்தியபோது, அந்நாளிற் சேலம் மாவட்டத்துட் பட்டிருந்த நம் கிருட்டிணகிரிப் பகுதியும் பெருந்துயருற்றது. ஆனால் டோங்கரே குடும்பத்தை வறுமை அதற்கு முன்னரே பற்றிக்கொண்டது. நகைகளும் பாத்திரங்களும் விலைப்பட்டன. கையிருப்புத் தீர்ந்தபின், கூலி வேலை செய்யக் கை பழகவில்லை. இரந்துண்ண மனம் ஒப்பவில்லை. திருப்பதியை அடுத்த காட்டில் இலைகளை மென்று பல நாள் கழித்தனர். 1874இல் தந்தையார் இறந்தார். இறக்குமுன் தம் இளைய மகளை அணைத்து, நேர்வழியில் நின்று கடவுட்கு வாழ்நாள் முழுதும் ஊழியம் புரியுமாறு பணித்தார். சின்னாட்களில் இராய்ச்சூரில் தாயாரும் பசியால் மெலிந்து உயிர்நீத்தார். பாடையைச் சுமக்க ஊரார் இருவரே முன்வந்தனர். மகனும் மகளும் மற்றை இருவராயினர். குள்ள உருவினராகிய இரமாபாய், தம் பங்கைத் தோளிலன்றித் தலைமேற் சுமந்து சென்றார். பின்னர்த் தமக்கையாரும் மாண்டார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியை நாம் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. பதினெண்ணாயிரம் சுலோகங்களை அறிந்த ஒரு சிறுமி ஒரு பிடி அரிசிக்கு வழியறியாது தாயைப் பறிகொடுத்த இடத்தில், அப்பழமொழியில் நகை சிறிதும் இல்லை.

எஞ்சிய இரமாபாயும் தமையன் சீனிவாசரும் கால்நடையாக வடநாடு நோக்கிச் சென்றனர். காஷ்மீரம் வரை அலைந்தனர். போர்வையின்றிக் குளிரில் வருந்தியபோது, சீலம் ஆற்றங்கரையில் மணலிற் குழி தோண்டி, கழுத்தளவு மணலால் மூடிக்கொண்டு இரவைக் கழித்தனர். 1878இற் கல்கத்தாவை அடைந்தனர். அங்குப் பண்டிதர் கூடி இரமாபாயின் வடமொழிப் புலமையை ஆராய்ந்து, பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டங்கள் வழங்கினர். கேசவ சந்திர சேனர் அவர்க்கு வேத நூலை அளித்துப் படிக்குமாறு ஊக்கினார். வீட்டுப் பாடத்தில் அடைக்கப்பட்டிருந்த கதவு ஒன்று அங்ஙனம் திறந்தது. மகளிர் நிலை குறித்து அந்நூல்கள் கூறுவனவற்றைத் தாமே கற்று ஆராயும் திறமும் துணிவும் அவர்க்கு இருந்தன. அத்திறம் எங்கிருந்து வந்தது? விடியற்காலத்தில் தாய் அமைத்த பழக்கத்திலிருந்தே வந்தது என்க.

1880இல் தமையனார் இறந்தார். அவ்வாண்டே இரமாபாய், குலம் கருதாது, விபின் விகாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரைப் பதிவு மணம் புரிந்தார். 1881இல் மனோரமை என்னும் பெண்மகவு பிறந்தது. 1882இற் கணவர் வாந்திபேதியால் மாண்டார். கைக்குழந்தையுடன் புனா சேர்ந்த இவ்விளங் கைம்பெண், அவ்வாண்டிலேயே ஆரிய மகளிர் சமாசத்தை நிறுவினார். ஹண்டர் கல்விக் குழுவின் முன் தோன்றி, நம் நாட்டுப் பெண்கட்குப் பெண் ஆசிரியரும் பெண் மருத்துவரும் வேண்டும் என்று சான்று பகர்ந்தார். 1883இல் இங்கிலாந்து சென்று, செப்டம்பர் 29ஆம் நாள் வாண்டேஜ் நகரில் மகளோடு திருமுழுக்குப் பெற்றார். பின்னர்ச் செல்ட்டனம் மகளிர் கல்லூரியில் வடமொழி கற்பித்துக்கொண்டே, இளமையில் தமக்கு மறுக்கப்பட்ட ஆங்கிலத்தையும் கணிதத்தையும் இயற்கைச் சாத்திரத்தையும் மாணவியாயிருந்து கற்றார்.

அக்காலத்தில் மகளின் கல்வி பற்றி ஒரு வாதம் எழுந்தது. வாண்டேஜ் மடத்துச் சகோதரியார் மனோரமையை வளர்ப்பதில் உதவினர்; அவர்பால் இரமாபாய்க்கு மிக்க நன்றி உண்டு. ஆயினும் தம் குழந்தை எவ்வுபதேசத்தை எவ்வயதிற் பெறுவது என்பதைத் தாயே முடிவு செய்யவேண்டும் என்று கடிதவழியே உறுதியாக எழுதினார். மகள் தன் நாட்டாரிடையே அயலாளாக அன்றி, அவருள் ஒருத்தியாக வளர்ந்து அவரை நேசிக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. உதவி செய்வார்க்கு நன்றி பாராட்டுவது வேறு, குழந்தையின் பாடத்தைப் பிறர்பால் ஒப்படைத்துவிடுவது வேறு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

1886இல், ஆனந்திபாய் ஜோஷி அம்மையார் மருத்துவப் பட்டம் பெறும் விழாவிற்கென இரமாபாய் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். அங்கு அவர் கண்டு வியந்தது, செர்மானியராகிய பிரோபெல் 1837இல் தொடங்கிய குழந்தைப் பள்ளி முறை. பந்தும் மரக்கட்டையும் காகிதமும் கொண்டு, குழந்தை தன் கையால் ஆக்கியும் கலைத்தும் அறிவு பெறுவது அம்முறை. செவியும் நாவும் மட்டுமே பயின்ற கல்வியில் வளர்ந்த அவர்க்கு, கண்ணும் கையும் பயிலும் இக்கல்வி தம் குறையை நிரப்புவதாகத் தோன்றியது. அவர் அம்முறையை மாணவியாக அமர்ந்து பயின்றார். மராத்திப் பிள்ளைகட்கு வாசக நூல்களும் எழுதினார். 1887இல் உயர்குல இந்துப் பெண்டிர் நிலை பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டு, தாம் கருதிய பள்ளிக்குப் பொருள் திரட்டினார்.

1889ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் பம்பாயிற் கைம்பெண்களுக்காகச் சாரதா சதனம் திறக்கப்பட்டது. மறுஆண்டு அது புனாவிற்கு மாறியது. மாணவியர் சிலர் கிறிஸ்துவ வழிபாட்டிற் கலந்துகொண்டதால் 1893இல் எதிர்ப்பு எழ, பெற்றோர் பலர் தம் மகளிரை அழைத்துக்கொண்டனர். இரமாபாய் தளர்ந்திலர். 1896இல் நடுமாகாணங்களிற் பஞ்சம் தோன்றியபோது, தாம் இளமையிற் பட்ட பசியை நினைந்து அங்குச் சென்று, திக்கற்ற சிறுமியர் சில நூற்றுவரை அழைத்து வந்தார். புனாவை அடுத்த கேட்காவில் முக்தி சதனம் எழுந்தது. அங்கு எழுத்தும் கணக்கும் கற்ற சிறுமியரே நெசவு, தையல், தோட்டவேலை, பால்பண்ணை, அச்சுத்தொழில் ஆகியவற்றையும் கற்றனர். பார்வையற்றவர்க்குத் தடவிப் படிக்கும் எழுத்து கற்பிக்கப்பட்டது. அங்குக் கல்வி கற்றவள் எவளும் ஒரு தொழிலேனும் அறியாது வெளியேறலாகாது என்று அவர் எண்ணியதன் காரணத்தை, திருப்பதிக் காட்டையும் இராய்ச்சூரையும் அறிந்த நாம் எளிதில் உணரலாம்.

அவர் தம் பழைய கல்வியை இகழ்ந்து எறிந்துவிட்டாரல்லர். நடுவயதிற்குப் பின் எபிரேயமும் கிரேக்கமும் முயன்று கற்று, எளிய பெண்டிரும் விளங்கிக்கொள்ளும் மராத்தியில் விவிலியம் முழுவதையும் பெயர்த்தார். சதனத்துப் பெண்களே எழுத்துக்கோத்து அதனை அச்சிட்டனர். தாய் பழக்கிய மொழிப் புலமையும், தாம் பழக்கிய கைத்தொழிலும் அவ்வொரு நூலில் ஒன்றுகூடின. 1921இல் மகள் மனோரமை இறந்தார். மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு, 1922ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் இரமாபாயும் இறைவனடி சேர்ந்தார்.

இவ்வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? விரைந்து கற்கும் குழந்தையின் நினைவாற்றல் பெற்றோரை மயக்குவது. தாம் விரும்பியதையெல்லாம் அதனுள் நிரப்பத் தூண்டுவது. அனந்த சாஸ்திரியாரும் இலட்சுமிபாயும் அன்பிற் குறைந்தவரல்லர். தாம் உயர்வெனக் கருதியதைக் குறைவின்றி ஈந்தனர். தாம் அஞ்சியதையோ கதவடைத்துத் தடுத்தனர். ஈந்தது மகளைப் பண்டிதை ஆக்கிற்று. தடுத்தது அக்குடும்பத்தைப் பசிக்கு இரையாக்கிற்று. அன்பு இருந்தும் அப்பாடத்திற் பிழை புகுந்தது.

ஆதலின் நாகரசம்பட்டியிலோ பிறவூரிலோ தம் குழந்தைக்குப் பாடம் வகுக்கும் பெற்றோர், குழந்தை எத்தனை ஒப்பிக்கிறது என்று எண்ணுவதோடு அமையாது, மூன்று வினாக்களைத் தம்மையே கேட்டுக்கொள்வாராக. நாளை நாம் இல்லாதபோது இது தானாகக் கற்குமா? தன் கையால் ஒன்றைச் செய்து வாழுமா? நாம் அஞ்சி விலக்கிய பொருள் எது, அவ்வச்சம் தக்கதுதானா? இவற்றுள் மூன்றாம் வினாவே கடினமானது. அதனைக் கேட்கும் துணிவு பெற்றோர்க்கு வேண்டும். விடியலில் எழுப்பிப் பாடஞ்சொன்ன அத்தாயின் பொறுமையையும், அத்தாய் விடுத்ததை நிரப்பிய மகளின் தெளிவையும் ஒருங்கே கைக்கொள்ளும் வீட்டில், விரைந்து கற்கும் குழந்தை நன்றாகவும் கற்கும் என்பது எமது துணிபு.